தவக்காலத்துக் கல்யாணங்கள்

முட்டத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் சவேரியார்துறையில் ஒரு பால்வாடி இருந்தது. சுவரில் அங்கன்வாடி என்றுதான் எழுதியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது பால்வாடிதான், அதை நடத்தும் ஜெபகனிக்கும் அப்படியே பழகிவிட்டது. அங்கே பிள்ளைகள் இருபத்தாறு பேர், பதிவேடுகள் பதினாலு. ரெண்டு பிள்ளைக்கு ஒரு நோட்டு என்று கணக்குப் போட்டாலும் ஒரு நோட்டு மிச்சம்.

ஜெபகனி டீச்சர் அந்தப் பதினாலையும் ஒழுங்காக எழுதுகிறவள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பின்பக்கத்துத் தெருவில் வீடு. புருஷன் சுந்தர்சிங் தக்கலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். காலையில் வீட்டை விட்டு இறங்கினால் ரெண்டு பஸ் மாறி, கடற்கரை மணலில் கால் மைல் நடந்து, ஒன்பது மணிக்கு முன்னாடி பூட்டைத் திறந்துவிடுவாள். சி.எஸ்.ஐ. சபைக்காரி, கத்தோலிக்க ஊரில் வேலை. பதினாலு வருஷத்தில் அந்த ஊர்ப் பாஷையும் வந்தது, அந்த ஊர் மீன்குழம்பும் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. வராமல் போனது ஒன்றுதான்: ஊர்ப் பெண்களின் முழு நம்பிக்கை.

அதற்குக் காரணம் ஒரு ஜீப்.

பால்வாடிப் பணியாளருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே வாரத்தில் ரெண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி நோய் வந்தால், ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால், சாப்பாட்டில் கோளாறு என்று சந்தேகம் வந்தால், அன்றைக்கே கிராமச் செவிலியருக்குச் சொல்லவேண்டும். மறுநாளைக்குள் திட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் போகவேண்டும். சந்தேகமே போதும், நிச்சயம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. பயிற்சியில் இதை மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஜெபகனி மூன்று தரமும் எழுதி வைத்துக்கொண்டாள்.

2007-இல் ஊரெல்லாம் சிக்குன்குனியா என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஏழு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டன. தொட்டால் உடம்பு சுட்டது. ஜெபகனி சட்டப்படி உடனே போன் செய்தாள். அரைமணி நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. முகத்தில் துணி கட்டிய ஆட்கள் இறங்கிப் புகை அடித்தார்கள். டாக்டர் பிள்ளைகளின் வாயை மோந்து பார்த்தார். கோயில் மதிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்த பச்சை மாங்காய். வெயிலில் உட்கார்ந்து உப்பு மிளகாய்ப்பொடி தொட்டு ஏழு பேரும் தின்று தீர்த்திருக்கிறார்கள்.

டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். ஊர் சிரிக்கவில்லை. சவேரியார்துறைப் பெண்கள் விடியுமுன் மீன் வாங்கி வாயகன்ற அலுமினியச் சருவத்தில் சுமந்துகொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விற்கப் போகிறவர்கள். ஜீப் வந்த செய்தி அவர்களுக்கு முன்னாடியே குழித்துறைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்பது நாள் ஒருத்தரும் அவர்கள் சருவத்தின் பக்கம் திரும்பவில்லை. ஜிஷா என்று ஒருத்தி, அந்த ஊரிலேயே நாக்கு நீளம் அவளுக்குத்தான், ஒன்பது நாள் மீனையும் கருவாடு போட்டுக்கொண்டே ஜெபகனிக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். ஜீப்பு டீச்சர். சின்னப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிவிட்டு ஓடும். ஜெபகனி கேட்காத மாதிரி இருப்பாள். ஆனால் கேட்கும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்று வருஷம் போனது. 2010 மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கி மூன்றாவது வாரம்.

முதலில் வராமல் போனவன் ஷிஜின். மூன்றரை வயது. பால்வாடி உதவியாளர் வேளாங்கண்ணியின் மகன். வேளாங்கண்ணி அந்த ஊர்க்காரி. புருஷன் இஞ்ஞாசி கொச்சியில் விசைப்படகில் தொழில். காலையில் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அடுப்புப் பற்றவைக்க வருவாள். அன்றைக்கு வெறும் இடுப்போடு வந்தாள்.

"பிள்ளை எங்கட்டி?"

"எனக்க மாமா வீட்டுல கல்யாணம், டீச்சர். தங்கச்சி பிரிஜா கூடப் போயிருக்கான். குழித்துறைக்கு."

ஜெபகனி வருகைப் பதிவேட்டில் ஷிஜின் பெயருக்கு நேரே காரணம் என்ற கட்டத்தில் 'திருமணம்' என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

மறுநாள் ஜிஷாவின் மகன் லிஜோ வரவில்லை. அவனும் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அதற்கு அடுத்த ரெண்டு நாளில் இன்னும் மூன்று பிள்ளைகள். கல்யாணம், கல்யாணம், கல்யாணம். கேட்டுவரச் சொல்லி வேளாங்கண்ணியை அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வந்து அதையே சொன்னாள். மூன்று நாள் சேர்ந்தாற்போல ஒரு பிள்ளை வராவிட்டால் பணியாளர் நேரில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கல்யாணத்துக்குப் போன பிள்ளையை வீட்டில் போய் என்ன பார்க்க? ஜெபகனி போகவில்லை. கடற்கரைச் சனங்களுக்குச் சொந்தபந்தம் அதிகம், கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. சத்துமாவு உருண்டை தின்றுவிட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஜெபகனி ஆறாவது பிள்ளையின் பெயருக்கு நேரே 'திரும' என்று எழுதிக்கொண்டிருந்தபோது கோயிலில் செபத்துக்கு மணி அடித்தது. வேளாங்கண்ணி கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

"சிலுவைப்பாதை தொடங்கப் போவுது, டீச்சர். நான் பைய எறங்கட்டா?"

ஜெபகனியின் பேனா அப்படியே நின்றது. எழுதிய பாதியைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த ஐந்தையும் பார்த்தாள்.

சிலுவைப்பாதை. வெள்ளிக்கிழமை. தவக்காலம்.

நாற்பது நாளும் இறைச்சியைத் தொடமாட்டார்கள், தலையில் பூ வைக்கமாட்டார்கள், கோயிலில் பாட்டுக்கூட மெதுவாகத்தான் போகும். எந்தச் சாமியார் எந்தக் கோயிலில் இவர்களுக்குத் தாலி எடுத்துக்கொடுத்தார்? அவளுடைய சபையிலும் லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பது கிடையாது. பத்து நாளாக ஒன்றல்ல, ஆறு கல்யாணத்தைத் தன் கையாலேயே அழகாக எழுதி நடத்தி வைத்திருக்கிறாள். ஜெபகனிக்கு முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது.

"ஏட்டி வேளாங்கண்ணி, இங்க வா. ஒனக்க மாமா வீட்டுக் கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்துது?"

"குழித்துறைல, டீச்சர்."

"தவக்காலத்துலயா?"

வேளாங்கண்ணி அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தோணவே இல்ல டீச்சர்," என்றாள். "ஒருத்திக்கும் தோணல்ல."

அழுகையும் பேச்சுமாக அவள் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மணல்வாரி. உடம்பெல்லாம் மணலை அள்ளிக் கொட்டியதுபோலச் சிவந்து தடித்து வருகிற அம்மை. அது வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, மீன் பொரிக்காமல், வெளியாள் ஏறாமல், அம்மையிலிருந்து காக்கும் புனிதர் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டு இருப்பது அந்த ஊர் வழக்கம். ஊசி குத்தக் கூடாது. இந்தத் தரம் வேப்பிலையைக்கூட வாசலில் செருகாமல் உள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். டீச்சர் கண்ணில் பட்டால் எழுதிவிடுவாள். எழுதினால் ஜீப் வரும். ஜீப் வந்தால் மீன் போகாது. அதனால் பெண்கள் கூடிப் பேசி, கேட்டால் கல்யாணம் என்று சொல்ல முடிவு செய்தார்கள். யோசனை ஜிஷாவுடையது. வருஷம் முழுக்க அவர்கள் சொல்லிப் பழகிய சாக்கு அது. என்ன காலம் என்று யார் நினைத்துப் பார்த்தார்கள்?

"ஷிஜினுக்கு எப்படி இருக்கு?"

"தடிப்பு அமந்துட்டு. ஆனா நேத்தேலேந்து மூச்சு வாங்குது, டீச்சர். தண்ணி குடிக்கமாட்டேங்கான். கஞ்சி வெள்ளம் வாயில விட்டா வழிஞ்சு போவுது."

ஜெபகனி செருப்பைத் தேடினாள். ஒன்றுதான் கிடைத்தது. வேளாங்கண்ணியோடு வெறுங்காலில் நடந்தாள்.

வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தது. வேளாங்கண்ணியின் தங்கை பிரிஜா பாயோரம் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து வழியை மறித்தாள்.

"பிள்ளையக் காட்டப்பிடாது. நேர்ச்சை நேந்திருக்கு."

ஜெபகனி அவளை விலக்கிவிட்டுக் குனிந்தாள். மாசம் தவறாமல் தொட்டிலில் போட்டு எடை பார்த்த பிள்ளை. பதிமூன்று கிலோ இருந்தவன் பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தான். கண் சிவந்து பீளை கட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. அவள் சட்டையைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். இந்த வயசுக்கு ஒரு நிமிஷத்தில் நாற்பதைத் தாண்டினால் ஆபத்து என்று படித்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு வந்தது. அவளுக்குத் தன் எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. மாங்காய்க்கு ஜீப் கூப்பிட்டவள் அல்லவா? திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். அறுபது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பமே."

"ஊசி குத்தினா செபஸ்தியாரு கோவப்படுவாரு," என்றாள் பிரிஜா. "நாளைக்கு ஒரு நாள் பாப்போம்."

ஜெபகனியின் சபையில் புனிதர்கள் கிடையாது. எதையாவது சொல்லப் போய் அது வேறு சண்டையாகிவிடும். பேசியது வேளாங்கண்ணிதான்.

"அவரு எதுக்குட்டி கோவப்படுவாரு? அம்பு குத்திச் சாவக் கெடந்தவரு அவரு. ஒரு பொம்பள தூக்கிட்டுப் போயி வீட்டுல வச்சு மருந்து போட்டுல்லா பொழைக்க வச்சா? திருநாளுக்குத் திருநாள் பிரசங்கத்துல கேக்கோம். மருந்து வேண்டாம்னா சொன்னாரு அவரு?"

பிரிஜா வேப்பிலையைக் கீழே போட்டாள். வேளாங்கண்ணி மகனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோ வருவதற்குள் ஜெபகனி நர்ஸ் பேபிக்குப் போன் செய்தாள். பேபிதான் அந்த ஊருக்கான கிராமச் செவிலியர். நல்ல மனுஷி, ஆனால் கேலியை மட்டும் அடக்க முடியாது.

"என்ன டீச்சர், ஜீப்பு அனுப்பணுமா?"

"ஜீப்பு வேண்டவே வேண்டாம், சிஸ்டர். ஆறு பிள்ளையளுக்குச் சந்தேகம், தட்டம்மை. ஒண்ணுக்கு மூச்சு அறுபது ஓடுது. அதை நானே ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுபோறேன். டாக்டரு நாளைக் காலைல ஸ்கூட்டர்ல வரட்டும், நீங்க பின்னாடி உக்காந்து வாங்க. புகை அடிக்கிற ஆளுவ ஒருத்தரும் வரப்பிடாது."

எதிர்ப்பக்கம் கேலி நின்றுவிட்டது. "அறுபதா? சீக்கிரம் போங்க," என்றாள் பேபி.

ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில் ஷிஜினை வாங்கிக்கொண்டு போய் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அம்மைக்குப் பின்னாடி நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகியிருக்கிறது, ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. வேளாங்கண்ணி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஜெபகனி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு முழுத்தாளை எடுத்தாள். அறிவிப்பு மறுநாளைக்குள் போகவேண்டும்.

பெயர்களை எழுதினாள். வயசு, அப்பா பெயர், வராத நாட்கள் எல்லாம் எழுதினாள். அப்புறம் ஒரு கட்டம் வந்தது: 'பணியாளர் முதலில் அறிந்தது எப்போது?' இன்றைக்கு என்று எழுதிவிடலாம். பொய் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் நேரில் போயிருந்தால் அன்றைக்கே அறிந்திருப்பாள், ஷிஜின் இந்த வாசலுக்குள் வந்திருக்க மாட்டான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தில் குழாய் தெரிந்தது. அவள் எழுதினாள்: 'பிள்ளைகள் திருமணத்திற்குச் சென்றதாகப் பெற்றோர் கூறியதை நம்பி வீடு சென்று பார்க்கத் தவறிவிட்டேன். தவக்காலத்தில் திருமணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். யோசிக்கவில்லை. இது என் தவறு.' கையெழுத்துப் போட்டு மடித்தாள்.

வேலை போனாலும் போகட்டும் என்று அவள் நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். வேலை போய்விடுமோ என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. இதற்குமேல் அந்த ஊர்ப் பெண்கள் அவளிடம் வாயைத் திறக்கமாட்டார்கள். பிள்ளைகளையே அனுப்பாமல் போனாலும் போவார்கள். அடுத்த தரம் ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் அது சாத்திய ஜன்னலுக்குள்ளேயே முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை டாக்டர் யூஜின் ஸ்கூட்டரில் வந்தார். இளவயசுக்காரர், பின்னால் பேபி மருந்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். ஜெபகனி அவர்களை முதலில் ஜிஷாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே திறந்தால் ஊர் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜிஷா கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தாள். டாக்டரையும் பெட்டியையும் பார்த்ததும் முகம் இறுகியது.

ஜெபகனி முகத்தை ஒன்றும் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டாள். "லிஜோ கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாச்சா?"

"இன்னும் வரல்ல."

உள்ளே நெஞ்சைப் பிடுங்குகிற மாதிரி ஒரு இருமல் கேட்டது.

"அப்போ இருமினது யாரு, மாப்பிள்ளையா?"

ஜிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த வாயோடேயே கண்ணில் தண்ணீர் கொட்டியது. கதவைப் பிடித்தபடி மெல்லக் கேட்டாள்:

"ஷிஜினுக்கு எப்படி, டீச்சரே?"

"ஆக்ஸிஜன் வச்சிருக்கு. இன்னும் ஒண்ணும் சொல்லல்ல."

கதவு முழுசாகத் திறந்தது.

லிஜோவுக்குக் காய்ச்சலும் தடிப்பும் இருந்தன, மூச்சு சரியாக இருந்தது. டாக்டர் வைட்டமின் ஏ சொட்டு விட்டார். ஊசி வேண்டாம், இவனுக்கு இது போதும், நிறையத் தண்ணீர் கொடுங்கள், நாலு நாள் கழித்து நானே வந்து பார்க்கிறேன் என்றார். ஜிஷா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், மூன்று வருஷமாக அவள் மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

"சாரே, இது மீனு வழியாப் பரவுமா?"

"மீனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. மனுஷன் இருமினா, தும்மினா பரவும். உங்க மீனை நான் இன்னைக்கே வாங்கித் தின்னுவேன்."

"அப்போ இதை எங்க சாமியாருட்ட சொல்லி நாளைக்குப் பூசைல பறையச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு ஜிஷா சேலையை இடுப்பில் சொருகினாள். "வாங்க. நான் கதவு தட்டுதேன். நீங்க தட்டினா திறக்கமாட்டாளுவ."

நீண்ட நாக்கு அன்றைக்கு உபயோகப்பட்டது. ஜிஷா முன்னால் போனாள், "ஏட்டி, கல்யாணம் முடிஞ்சாச்சு, கதவத் திற!" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினாள். ஆறு என்று நினைத்தது பதினொன்று ஆனது. பால்வாடிக்கே வராத கைப்பிள்ளைகளும் அதில் இருந்தன. ஒன்றுக்குக் காதில் சீழ், ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு. ரெண்டையும் அன்றைக்கே மருந்துக்கு அனுப்பினார்கள். தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளுக்கு மறுவாரம் பேபி வந்து போடுவதாகப் பெயர் எழுதிக்கொண்டாள். மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரும் ஜிஷாவின் வீட்டிலேயே கஞ்சி குடித்தார்கள். மறுநாள் பூசையில் சாமியார் மீனைப் பற்றிச் சொன்னார். ஊருக்கு வெளியே ஒருத்தருக்கும் ஒரு விவரமும் தெரியவில்லை.

ஜெபகனி தினமும் சாயங்காலம் ஆசாரிப்பள்ளத்துக்குப் போனாள். சுந்தர்சிங் ஒரு வார்த்தை கேட்காமல் கடையை நேரத்தோடே பூட்டிவிட்டு அவளைக் கூட்டிவரப் போனார். ஞாயிறும் திங்களும் ஷிஜின் கண்ணைத் திறந்தான், மூடினான், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மூச்சு நாற்பத்தாறுக்கு இறங்கியது. புதன்கிழமை அவள் வார்டுக்குள் நுழைந்தபோது முகத்தில் குழாய் இல்லை. வேளாங்கண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை.

"டீச்சருக்க கிட்ட சொல்லுலே மக்கா, என்ன வேணும்னு கேட்டே?"

ஷிஜின் டீச்சரை ஒரு பார்வை பார்த்தான். குரல் கம்மியிருந்தது.

"பொரிச்ச சாளை மீனு," என்றான்.

ஜெபகனி பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கேண்டீனில் நாலு தோசை தின்றாள்.

திட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அலுவலர் நேசமணி ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனுஷர், எதையும் ரெண்டு தரம் வாசிப்பார். அவளுடைய தாளை மேசையில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. தன்மேல தானே புகார் எழுதி அனுப்பின பணியாளரை இப்பத்தான் பாக்கேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு தாளை இன்னொரு தரம் வாசித்தார்.

"மூணாம் நாள் வீட்டுக்குப் போகாதது தப்பு. அதை நீங்களே எழுதியாச்சு, நான் வேற எழுத வேண்டாம். அன்னைக்கே தூக்கிட்டுப் போனதால பிள்ளை இருக்கு. போயிட்டு வாங்க. அம்மை அடங்கட்டும், பால்வாடிய இருபத்தொன்பதாம் தேதி திறந்தாப் போதும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் அவளுக்கு மூச்சே சரியாக வந்தது. ஆனாலும் பாதி மூச்சுதான். மீதி இருபத்தொன்பதாம் தேதியில் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவள் எட்டரைக்கே வந்து திறந்தாள். வேளாங்கண்ணி ஷிஜினோடு வந்தாள். அவன் மெலிந்திருந்தான், ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தான். வேளாங்கண்ணி அரிசிப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை பேருக்கு வைக்கட்டும், டீச்சர்?"

"இருபத்தாறுக்கு வை," என்றாள் ஜெபகனி.

ஒன்பது ஆனது. ஒருத்தரும் வரவில்லை. ஒன்பதே கால். ஷிஜின் தனியாக ஒரு பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். ஒன்பதரைக்கு ஜெபகனி வாசலுக்குப் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பாயை விரித்தாள், விரித்த பாயைத் திரும்ப நேராக இழுத்தாள். வேளாங்கண்ணி உலையில் அரிசி போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம் சத்தம் கேட்டது. எப்போதும் அக்காவோ அண்ணனோ கொண்டுவந்து தள்ளிவிட்டு ஓடுகிற பிள்ளைகளை அன்றைக்கு அம்மாக்களே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து வர வேண்டும் என்று ஒருத்திக்கு ஒருத்தி காத்துக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது. முன்னால் ஜிஷா, தலையில் மீன் சருவம். கூட லிஜோ இல்லை.

ஜெபகனி கூட்டத்துக்குள் லிஜோவைத் தேடினாள்.

"டீச்சரே," என்றாள் ஜிஷா, சருவத்தை இறக்காமலே. "லிஜோவுக்குக் காலைலேந்து மூணு தடவை வயித்தால போச்சு. காய்ச்சல் இல்ல. தண்ணி குடிக்கான். ராத்திரி பழைய கப்பக்கிழங்கு தின்னான், அதாயிருக்கும்னு நெனைக்கேன். எழுதிக்கிடுங்க."

ஜெபகனி அவளையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கிய? எழுதுங்க. மூணு தடவை. மஞ்சளா."

அவளுக்குப் பின்னால் இருந்தவள், தன் மகளுக்கு ரெண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது என்றாள். அதற்கும் பின்னால் ஒருத்தி, மகன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், அதையும் எழுதவேண்டுமா என்று கேட்டாள். ஒருத்தி பிள்ளையின் காலில் முள் குத்திய இடத்தைத் தூக்கிக் காட்டினாள். ஜெபகனி பதிவேட்டை எடுத்து மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். எழுத்து கோணல் மாணலாக வந்தது. பதினாலு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் அவள் எழுதிய காரணங்களில் எத்தனை நிஜம் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு எழுதியது அத்தனையும் நிஜம்.

அடுக்களையில் அரிசி உலையில் விழும் சத்தம் கேட்டது.

ஜிஷா சருவத்தை நேராக்கிக்கொண்டு கிளம்பினாள். குழித்துறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"லிஜோ வீட்டுல பிரிஜாக்க கூட இருக்கான்," என்று போகிற போக்கில் சொன்னாள். "நான் வரதுக்குச் சாயங்காலம் ஆவும். நீங்க ஒரு எட்டுப் போயிப் பாத்துக்கிடுங்க டீச்சரே. கதவு சாத்தல்ல."

ஜெபகனி உப்புச்சர்க்கரைப் பொடிப் பொட்டலம் ரெண்டை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளை வேளாங்கண்ணியிடம் விட்டுவிட்டு மணலில் இறங்கினாள். தூரத்திலிருந்தே தெரிந்தது, ஜிஷா வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவள் வாசலில் நிற்கவில்லை, கூப்பிடவும் இல்லை, நேரே உள்ளே போனாள்.